ஐம்பதிலும் வளையும்

'ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா?' என்று கேட்டு வைத்த பெரியவர் மேல் எனக்குக் கோபமில்லை. அவர் பிள்ளை வளர்ப்பைச் சொன்னார். அதை நம் இடுப்புக்கும் முழங்காலுக்கும் மாட்டிவிட்டவர்கள் மேல்தான் கோபம்.

பரவையில் எங்கள் தெருவில் அறுபதைத் தாண்டியவர்களுக்குச் சாவி கீழே விழுந்தால் பேரன்தான் வரவேண்டும். "வயசாச்சு, குனியாதீங்கப்பா" என்று என் மகளும் சொல்வாள். சுகமாகத்தான் இருந்தது. போன வருடம் ஒரு காதுகுத்தில் பந்திப்பாயில் உட்கார்ந்த என்னைத் தூக்கிவிட இரண்டு பேர் தேவைப்பட்டார்கள். அன்றுதான் வெட்கப்பட்டேன். குமாஸ்தா வேலையில் அதிகாரிகளுக்கு முன்னால் வளைந்ததோடு சரி. மற்றபடி நாற்காலியே கதி.

முதுகெலும்புகளுக்கு நடுவே 23 வட்டுகள் உண்டு. பெரியவர்களின் வட்டுக்குள் ரத்தக்குழாய் கிடையாது. சுற்றியிருக்கும் திசுவிலிருந்து நீரும் சத்தும் ஊறி வரவேண்டும். அதற்கு உடல் அசைவு துணை. அசையாமல் வைத்துப் பாதுகாக்க அது என்ன பீரோவில் வைத்த பட்டுப்புடவையா?

கோயம்புத்தூர் ஞானம்மாள் பாட்டி தொண்ணூறு தாண்டியும் யோகாசனம் கற்றுக்கொடுத்தார். 2018-இல் பத்மஸ்ரீ பெற்றார். "அவர் சின்ன வயசிலேயே பழகியவர்" என்பீர்கள். சரி, ஒப்புக்கொள்கிறேன். பாஸ்டனில் ஒரு முதியோர் இல்லத்தில் 86 முதல் 96 வயதுவரை உள்ள பத்துப் பேருக்கு எட்டு வாரம் கால் பயிற்சி கொடுத்தார்கள். முடித்தவர்களின் கால் பலம் சராசரியாக இரண்டு மடங்குக்கு மேல் ஆனது. 1990-இல் வெளிவந்த ஆய்வு இது. தரையிலிருந்து எழ முடியாததற்கு மூட்டு மட்டும் காரணமல்ல, தொடையில் பலமில்லாததும்தான். அந்தப் பலம் தொண்ணூறிலும் திரும்பி வருகிறது.

புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தபோது லா ஃபோந்தேனின் ஓக் மரமும் நாணலும் கதையை ஒப்பிக்க வைத்தார்கள். புயலில் ஓக் வேரோடு சாயும். நாணல் வளைந்து பிழைக்கும். நாணலுக்கு வயது என்ன என்று யாரும் கேட்கவில்லை.

ஆறு மாதமாகத் தினமும் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து எழுகிறேன். முதல் மாதம் பாதிதான் இறங்க முடிந்தது. இப்போது இரவுச் சாப்பாடு தரையில்தான். எழும்போது ஒரு கை ஊன்றுகிறேன், ஆள் வேண்டாம்.

எலும்பு தேய்ந்தவர்களும் வட்டு விலகியவர்களும் மருத்துவரைக் கேட்டுக்கொண்டு செய்யுங்கள். மற்றவர்கள் பழமொழியைக் காரணம் காட்டாதீர்கள். பிள்ளைகளே, அப்பாவின் சாவி விழுந்தால் ஓடிவராதீர்கள். பக்கத்தில் நில்லுங்கள், போதும். அவரே எடுக்கட்டும்.