பெட்டி எடை எவ்வளவு?

உடன்குடியில் கருப்பட்டியை ஓலைப்பெட்டியோடு தராசில் வைத்தால் பெட்டியின் எடையும் சேர்ந்துதான் காட்டும். அதைக் கழித்துவிட்டுக் காசு கொடுக்க வேண்டும் என்று யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. சர்வர் மெமரியை வாடகைக்கு எடுக்கும்போது மட்டும் இந்தப் புத்தி எங்கே போகிறதோ!

ரெடிஸ், வால்கி... இந்தப் பெயர்களைச் சிலர் கேள்விப்பட்டிருக்கலாம். அடிக்கடி தேவைப்படும் தகவலைப் பல சர்வர்களின் மெமரியில் பங்கு பிரித்து வைத்துக்கொள்ளும் 'கேஷ்' மென்பொருள்கள். (கல்லாப்பெட்டி கேஷ் வேறு, இது வேறு. செலவாவது என்னவோ அந்தக் கேஷ்தான்.) ரெடிஸ் 2009-ல் வந்தது, எழுதியவர் இத்தாலிக்காரர் சால்வடோர் சான்ஃபிலிப்போ. 2024 மார்ச்சில் அதன் உரிம விதிகள் மாறியபோது, லினக்ஸ் ஃபவுண்டேஷன் ஆதரவில் தனியாகப் பிரிந்து வந்தது வால்கி.

உள்ளே வைக்கும் ஒவ்வொரு தகவலுக்கும் 'கீ' என்று ஒரு பெயர் உண்டு. அந்தப் பெயரைத் தேடிப்பிடிக்க அட்டவணை, சுட்டிகள், காலாவதி நேரம் என்று கூடுதல் இடம் பிடிக்கும். காமர்ஸ் பாஷையில் மேற்செலவு. 2025-ல் வெளியான வால்கி 8.1-ல் இந்த அட்டவணையையே புதிதாக எழுதி, ஒரு கீக்குச் சுமார் 20 பைட், காலாவதி நேரம் வைத்த கீ என்றால் 30 பைட் வரை மிச்சம் என்று அறிவித்தார்கள். 10 கோடி கீக்கு 200 கோடி பைட், அதாவது ஏறக்குறைய 2 ஜிபி. ஒரு நகல் சர்வரும் வைத்திருந்தால் 4 ஜிபி. சின்ன விஷயமில்லை.

இதைச் சதவீதமாகச் சொல்லும்போதுதான் தகராறு. ஒரு பேச்சுக்கு, மேற்செலவு 60 பைட்டிலிருந்து 40 ஆனது என்று வைத்துக்கொள்வோம். சரக்கு 100 பைட் என்றால் 160 என்பது 140 ஆகிறது; 12.5 சதவீதம் மிச்சம். சரக்கு 10,000 பைட் என்றால் மிச்சம் 0.2 சதவீதம்கூட இல்லை. கால் கிலோ பெட்டியில் பார்த்த கணக்கைப் பத்து கிலோ பெட்டிக்குச் சொன்னால் எந்த வியாபாரி ஒப்புவார்?

ஆகவே அவரவர் சரக்கை வைத்து அவரவரே அளக்க வேண்டும். காலி சர்வரில் 'இன்ஃபோ மெமரி' கட்டளை காட்டும் எண்ணைக் குறித்துக்கொண்டு, சில லட்சம் கீக்களைப் போட்டு, மறுபடி பார்த்து, வித்தியாசத்தை வகுத்து, சரக்கின் பைட்டைக் கழித்தால் மேற்செலவு வந்துவிடும். பழைய பதிப்பிலும் இதையே செய்ய வேண்டும். இதிலும் பொடி வைத்திருக்கிறது. அட்டவணை நிரம்ப நிரம்பப் பெரிதாக்கிக்கொண்டே போகும். பெரிதான மறுநிமிடம் அளந்தால் ஒரு கணக்கு, நிரம்பும் தறுவாயில் அளந்தால் வேறு கணக்கு. மெமரியைப் பங்கிட்டுத் தரும் ஜெமாலக் வேறு, 65 பைட் கேட்டால் 80 பைட்டாகத்தான் கொடுக்கும். போதாததற்கு, மென்பொருள் விடுவித்த இடம் உடனே ஆபரேட்டிங் சிஸ்டத்துக்குத் திரும்பிவிடும் என்றும் நம்ப முடியாது.

கடைசியில் பில். சர்வர்கள் 16 ஜிபி, 32 ஜிபி என்று கட்டுக்கட்டாகத்தான் வாடகைக்குக் கிடைக்கின்றன. 26 ஜிபி நிரப்பி வைத்திருப்பவருக்கு 2 ஜிபி மிச்சமானாலும் அதே 32 ஜிபி சர்வர், அதே வாடகை.