தக்தீர் மீது பழி போடாதீர்!



குடலிறக்க ஆபரேஷனுக்கு நடந்து போனவர், தையலில் சீழ் பிடித்து, காய்ச்சல் முற்றி, மையித்தாக வீடு திரும்புகிறார். "அல்லாஹ்வின் நாட்டம் அவ்வளவுதான்" என்று சொல்லிக் கலைந்து விடுகிறோம். தக்தீரை நம்புவது ஈமான். ஆனால் ஆஸ்பத்திரியின் அலட்சியத்தை தக்தீரின் கணக்கில் எழுதச் சொன்னது யார்? ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைக்கச் சொன்ன மார்க்கமல்லவா நம்முடையது?

சாத்தூரை மறந்து விட்டீர்களா? 2018 டிசம்பரில் அங்குள்ள அரசு மருத்துவமனையில் ஒரு கர்ப்பிணிப் பெண்ணுக்கு எச்.ஐ.வி. கிருமியுள்ள இரத்தம் ஏற்றப்பட்டது. இரத்தம் கொடுத்த இளைஞருக்குத் தொற்று இருப்பது 2016-லேயே பரிசோதனையில் தெரிந்திருந்தும் அவரிடம் சொல்லப்படவில்லை! வெளிநாட்டு வேலைக்காகப் பரிசோதனை செய்தபோது விஷயம் தெரிந்து, அவரே போய்ச் சொன்ன பிறகுதான் நிர்வாகம் விழித்தது. இது விதியா? அலட்சியமா?

இரத்தம் மட்டுமல்ல, மருத்துவரின் கையும் நோயைக் கொண்டு வரும். 1847-ல் வியன்னாவில் பிணத்தை அறுத்த கையோடு பிரசவம் பார்த்த டாக்டர்களை, குளோரின் நீரில் கை கழுவ வைத்தார் செம்மல்வைஸ் என்ற மருத்துவர். தாய்மார்களின் மரணம் மளமளவெனக் குறைந்தது. ஆனாலும் இன்றுவரை நிலைமை என்ன? நம்மைப் போன்ற நாடுகளில் மருத்துவமனையில் படுக்கும் 100 பேரில் 15 பேருக்கு அங்கேயே புதிய தொற்று வருகிறது என்று 2022-ல் உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. முறையாகக் கை கழுவி, மற்ற ஒழுங்குகளையும் பேணினால் 70 சதவீதத்தைத் தடுக்கலாம் என்றும் சொன்னது. ஐவேளை உளூச் செய்யும் சமுதாயத்திற்கு இதை விளக்கவும் வேண்டுமா?

வியாபாரிகளே! மூட்டையில் ஒரு கிலோ குறைந்தால் மண்டிக்காரரிடம் மல்லுக்கு நிற்கிறீர்கள். மனைவிக்கு ஊசி போடும்போது, "புது ஊசியா? கை கழுவினீர்களா?" என்று கேட்க மட்டும் ஏன் நா எழவில்லை? அது ஸப்ர் அல்ல, கோழைத்தனம்!

நம் மீதும் குற்றம் உண்டு. நலம் விசாரிப்பது நன்மைதான். அதற்காக வேன் நிறைய ஆளேற்றிப் போய், நோயாளியின் கட்டிலிலேயே உட்கார்ந்து சோற்றுப் பொட்டலம் பிரிப்பதா?

இளைஞர்களே! இரத்ததான முகாம்களில் முதல் வரிசையில் நிற்கும் உங்களுக்குக் கேள்வி கேட்கும் உரிமையும் முதலில் உண்டு. உங்கள் ஊர் அரசு மருத்துவமனையில் தொற்றுத் தடுப்புக் குழு இருக்கிறதா, எப்போது கூடியது என்று 2005-ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் மனுப் போடுங்கள். பதில் வராவிட்டால் ஜமாஅத்தோடு சென்று வாசலில் நின்று கேளுங்கள்.

அடுத்த மையித் வரும்வரை காத்திருக்கப் போகிறோமா? சிந்திப்பீர்!