தேய்த்தால் போச்சு... 'எவர்சில்வர்' துப்பாக்கி சேர்ப்பவர்களின் கதை!

மக்களே, உங்கள் வீட்டில் பழைய எவர்சில்வர் குடமோ தூக்குவாளியோ இருந்தால் கொஞ்சம் திருப்பிப் பாருங்கள். புள்ளி புள்ளியாக ஒரு பெயர் வெட்டியிருக்கும். சிலதில் தேதியும் இருக்கும். யாருடைய கல்யாணத்துக்கு, யார் கொடுத்த சீர், எந்த வருஷம்... அந்தப் பாத்திரத்தின் ஜாதகமே அதுதான்.

எங்கள் பாட்டியின் குடம் ஒன்று இருந்தது. போன வருஷம் பழையதைப் போட்டுப் புதியது வாங்கும் கடையில் எடைக்குப் போட்டுவிட்டு, குக்கர் வாங்கி வந்தோம். எடை போட்டவர் அந்தப் பெயரைப் படிக்கவில்லை. தூக்கிக்கொண்டு போன நானும் படிக்கவில்லை. அப்புறம்தான் பாட்டி கேட்டார், "அதுல எங்க அப்பா பேரு இருக்குமே, பார்த்தியா?" என்று.

இந்த வாரமும் எவர்சில்வர் கதைதான். ஆனால், குடம் இல்லை... துப்பாக்கி! அமெரிக்காவில் பழைய ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ரிவால்வர்களைத் தேடித் தேடிச் சேர்ப்பவர்கள் இருக்கிறார்கள். அதுவும் குழல் குட்டையான, 'ஸ்னப் நோஸ்' எனப்படும் சப்பை மூக்கு ரிவால்வர்கள். துப்பாக்கி என்றாலே எனக்கு சினிமா வில்லன் ஞாபகம்தான். ஆனாலும், இவர்கள் ஒரு சின்ன எழுத்துக்காகவும் ஒரு சின்ன ஆணிக்காகவும் படுகிற பாட்டைப் படித்தபோது, எனக்கு அந்தக் குடம்தான் ஞாபகம் வந்தது.

துப்பாக்கியில் இருந்து ஸ்பூனுக்கு!

முதலில் ஒரு ஆச்சர்யம். நம் அடுப்படியில் இருக்கும் எவர்சில்வருக்கும் துப்பாக்கிக்கும் பழைய உறவு உண்டு. இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரில் ஹாரி பிரியர்லி என்ற உலோகவியலாளர், துப்பாக்கிக் குழல் உள்ளே அரித்துப்போகாமல் இருக்க என்ன வழி என்று ஆராய்ந்துகொண்டிருந்தார். 1913-ல் குரோமியம் நிறைய சேர்த்து ஒரு எஃகை உருவாக்கினார். அது சுலபத்தில் துருப்பிடிக்கவில்லை. துப்பாக்கிக்காகத் தொடங்கிய ஆராய்ச்சி, முதலில் போய்ச் சேர்ந்தது கத்தி, ஸ்பூன் செய்பவர்களிடம்!

அதே எஃகு முழு ரிவால்வராக வருவதற்கு இன்னும் அரை நூற்றாண்டு ஆனது. காரணம், இதைக் கடைந்து நுணுக்கமான பாகங்களாக்குவது கஷ்டம். ஒன்றோடு ஒன்று உரசும் இடத்தில் பிடித்துக்கொள்ளும் குணமும் இதற்கு உண்டு.

வியர்வைதான் எதிரி

1950-ல் ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் நிறுவனம் ஐந்து தோட்டா போடும் குட்டி ரிவால்வர் ஒன்றைக் கொண்டுவந்தது. கொலராடோ ஸ்பிரிங்ஸில் நடந்த போலீஸ் தலைமை அதிகாரிகளின் மாநாட்டில் அறிமுகம் செய்ததால், 'சீஃப்ஸ் ஸ்பெஷல்' என்று பெயர். மாடல்களுக்கு எண் கொடுக்கும் வழக்கம் வந்தபிறகு, இது 'மாடல் 36' ஆனது. சட்டைக்குள் மறைத்து வைத்துக்கொள்ள வசதியான சைஸ். அதுவே பிரச்னையும் ஆனது. நாள் முழுக்க உடம்போடு ஒட்டியிருப்பதால் வியர்வையின் உப்பு பட்டு, கருநீலப் பூச்சுக்கு மேலேயே துரு ஏறிவிடும்.

அதற்கு பதிலாக, 1965-ல் அதே ரிவால்வரை ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் செய்தார்கள். பெயர், 'மாடல் 60'. வழக்கமான தயாரிப்பாக விற்பனைக்கு வந்த முதல் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ரிவால்வர் இதுதான். சேகரிப்பவர்கள் இதை விரும்புவதற்கு முதல் காரணமும் இதுதான்.

ஆறு வித்தியாசம் பார்க்கும் ஆட்டம்

பார்வைக்கு எல்லா மாடல் 60-ம் ஒன்றுபோலவே இருக்கும். நம் வார இதழ்களில் வரும் 'ஆறு வித்தியாசங்கள்' போல, உற்றுப் பார்த்தால்தான் விஷயம் பிடிபடும்.

* பளபளப்பு: ஆரம்பத்தில் வந்தவை கண்ணாடிபோல மின்னும். சீக்கிரமே மங்கலான, மெல்லிய கோடுகள் தெரியும் மேற்பரப்புக்கு மாறிவிட்டார்கள். மின்னும் துப்பாக்கிகள் குறைவு என்பதால் கிராக்கி அதிகம்.

* மரப்பிடி: பிடியின் திருகைச் சுற்றி வைர வடிவில் ஒரு சின்னக் கட்டம் இருந்தால், பிடி பழசு. 1968-ல் அந்த வடிவத்தை நிறுத்திவிட்டார்கள்.

* குழல் ஆணி: குழல் நகராமல் இருக்க, குறுக்கே ஒரு சின்ன ஆணி அடித்திருப்பார்கள். 1982 வாக்கில் அதைக் கைவிட்டார்கள்.

* எண்ணுக்குப் பின்னால் எண்: சிலிண்டரைத் திறந்தால், உள்ளே உடம்பில் மாடல் எண் அடித்திருக்கும். தொழிற்சாலையில் குறிப்பிடத்தக்க மாற்றம் செய்யும்போது, பக்கத்தில் ஒரு கோடு போட்டு அடுத்த எண்ணைச் சேர்ப்பார்கள். 1996-ல் வந்த '60-9', அதிக சக்தியுள்ள .357 மேக்னம் தோட்டாவுக்கானது. அதற்கு முன் வந்தவை .38 ஸ்பெஷல்.

* பூட்டு ஓட்டை: 2000-களின் தொடக்கத்தில், சாவி போட்டுப் பூட்ட, பக்கவாட்டில் ஒரு குட்டி ஓட்டை வந்தது. பழசை விரும்புபவர்களுக்கு அது கண்ணில் விழுந்த தூசி. குழந்தைகள் இருக்கும் வீட்டில் அந்த ஓட்டைதான் முக்கியம் என்று எங்கள் அம்மா சொல்வார். நானும் அம்மா கட்சிதான்!

தேய்ப்பவர் தோற்பார்

இங்கேதான் விஷயம் இருக்கிறது. ஸ்டெயின்லெஸ் ஸ்டீலின் மேல் பூச்சு கிடையாது. அடி வரைக்கும் ஒரே உலோகம். அதனால், யார் வேண்டுமானாலும் பாலிஷ் மெஷினில் காட்டி மின்ன வைத்துவிடலாம். மங்கலான பிற்காலத் துப்பாக்கியைப் பளபளப்பாக்கி, '1965-ல் வந்த முதல் லாட்' என்று விற்க முயல்பவர்களும் உண்டு. கீறல் போகட்டும் என்று நல்ல எண்ணத்தில் தேய்த்தவர்களும் உண்டு. இரண்டிலும் முடிவு ஒன்றுதான். தொழிற்சாலை விட்டுச்சென்ற மேற்பரப்பு போய்விடும். போனால் திரும்ப வராது.

அனுபவம் உள்ளவர்கள் முதலில் பார்ப்பது பளபளப்பை இல்லை, எழுத்தின் ஓரத்தை. தேய்த்திருந்தால், அடித்த எழுத்துகளின் விளிம்பு கரைந்திருக்கும். திருகு ஓட்டையைச் சுற்றிக் கிண்ணம்போலக் குழிந்திருக்கும். கூர்மையாக இருக்க வேண்டிய மூலைகள் மழுங்கியிருக்கும். ஐம்பது வருஷக் கீறலோடு அப்படியே இருப்பதற்குத்தான் மதிப்பு.

சந்தேகம் வந்தால் இன்னும் சில சாட்சிகள் உண்டு. பழைய பிடிகளின் உள்பக்கம் துப்பாக்கியின் வரிசை எண் அடித்திருக்கும். அது உடம்பில் உள்ள எண்ணோடு பொருந்த வேண்டும். நிறுவனத்தின் பழைய பதிவேடுகளைப் பார்த்து, எந்தத் தேதியில், என்ன வடிவில், யாருக்கு அனுப்பப்பட்டது என்று கடிதம் தரும் ஏற்பாடும் இருக்கிறது. அந்த ஒரு கடிதத்துக்காகப் பல மாதம் காத்திருப்பவர்கள் உண்டு.

ஒரு விலை, ஒரு உறுத்தல்

இதையெல்லாம் ரசித்துப் படித்துக்கொண்டே வந்தபோது, ஓரிடத்தில் நின்றுவிட்டேன். 1963 நவம்பர் 24 அன்று, கென்னடியைச் சுட்டதாகப் பிடிபட்ட ஆஸ்வால்டை, டல்லாஸ் போலீஸ் தலைமையகத்திலேயே ஜாக் ரூபி சுட்டுக் கொன்றார். கையில் இருந்தது இதே வகை சப்பை மூக்கு ரிவால்வர். கோல்ட் நிறுவனத்தின் 'கோப்ரா'. அந்தத் துப்பாக்கி 1991-ல் 2,20,000 டாலருக்கு ஏலம் போனது. அந்த விலை, செய்நேர்த்திக்கு இல்லை, ஒரு கொலைக்கு!

பொருளின் வரலாற்றைச் சேர்க்கிறோம் என்றால், இதுவும் அதில் சேர்ந்துதானே வருகிறது? மறைத்து வைப்பதற்கென்றே செய்த ஆயுதம் இது என்பதை எந்தப் பளபளப்பும் மறைக்காது. சேகரிப்பவர்களில் பலர் இவற்றைச் சுடுவதே இல்லை, பூட்டிய அலமாரியில்தான் வைத்திருக்கிறார்கள் என்பது ஓர் ஆறுதல்.

அமெரிக்காவில் 50 வயது தாண்டிய, மாற்றம் செய்யாத துப்பாக்கிகளைத் தொன்மைப் பொருளாகக் கருதி, சேகரிப்பவர்களுக்குத் தனி லைசென்ஸே தருகிறார்கள். நம் நாட்டில் கதையே வேறு. 1959 ஆயுதச் சட்டப்படி லைசென்ஸ் இல்லாமல் துப்பாக்கி வைத்திருப்பது குற்றம். 2019 திருத்தத்துக்குப் பிறகு, சாதாரணமாக லைசென்ஸ் வைத்திருப்பவரும் இரண்டுக்கு மேல் வைத்துக்கொள்ள முடியாது. எனக்கு அதில் வருத்தமே இல்லை!

எனக்கு வருத்தமெல்லாம் அந்தக் குடம்தான். அதே கடைக்குப் போய்க் கேட்டேன். எப்போதோ உருக்கப் போயிருக்கும் என்றார்கள். பாட்டியிடம் இப்போது மிச்சம் இருப்பது ஒரு டம்ளர். கம்பி நாரால் தேய்த்துத் தேய்த்து, அதில் இருந்த பெயரில் முதல் இரண்டு எழுத்துதான் தெரிகிறது. அதை நான் தனியாக எடுத்து வைத்துவிட்டேன்.

உங்கள் வீட்டுப் பரணிலும் அப்படி ஒன்று இருக்கும் மக்களே. எடைக்குப் போடும் முன் ஒருமுறை திருப்பிப் பாருங்கள். அதில் இருக்கும் பெயர் யாருடையது என்று வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டுவிட்டு, கமென்ட்டில் சொல்லுங்கள். அடுத்த வாரம் பார்க்கலாம்!