போர் குடியேறிய ஹோட்டல்!

மத்தியதரைக் கடலோரத் துறைமுக நகரம் பெய்ரூட். லெபனான் நாட்டின் தலைநகரான இங்கே, 1974-ல் ஹாலிடே இன் ஹோட்டல் திறக்கப்பட்டது. 26 மாடி, சுமார் 400 அறைகள், உச்சியில் கடலைப் பார்த்தபடி சாப்பிட ரெஸ்டாரன்ட். வெளிநாட்டுப் பணக்காரர்கள் வந்து குவிந்த காலம் அது.

அடுத்த வருடமே உள்நாட்டுப் போர் வெடித்தது. உயரமாக இருந்ததுதான் இந்தக் கட்டடம் செய்த தப்பு! மேலே ஏறி நின்றால் சுற்றுவட்டாரமே துப்பாக்கிக் குறிக்குள் வந்துவிடும். 1975 அக்டோபரில், எதிரெதிர் ஆயுதக் குழுக்கள் இந்தப் பகுதி ஹோட்டல்களுக்குள் புகுந்துகொண்டு ஒன்றையொன்று சுட்டன. 'ஹோட்டல்களின் போர்' என்றே அதற்குப் பெயர். 1976 மார்ச்சில் ஹாலிடே இன் கைமாறியபோது, உள்ளே எஞ்சியது கான்கிரீட் கூடு மட்டும்தான்.

1990-ல் போர் முடிந்தது. பக்கத்திலிருக்கும் பீனிஷியா ஹோட்டல் 2000-ல் மறுபடி திறந்துவிட்டது. இது மட்டும் அப்படியே நிற்கிறது. இடிப்பதா, புதுப்பிப்பதா என்பதில் உரிமையாளர்களுக்குள் ஒத்துப்போகவில்லை.

2015-ல் ஓர் ஓவியர், சுவரின் குண்டுத் துளைகளைச் சுற்றி வேடிக்கை உருவங்களை வரைந்தார். பாராட்டு கிடைக்கும் என்றுதான் நினைத்திருப்பார். 'எங்கள் காயத்தின் மேல் கார்ட்டூனா?' என்று கொதித்துவிட்டார்கள் உள்ளூர்க்காரர்கள்.