விசிட்டிங் கார்டும் விசுவாசியின் சாட்சியும்

பிழைப்புக்காக ஊரைவிட்டு வந்து, மும்பையிலும் பெங்களூரிலும் டில்லியிலும் சிறு தொழில் செய்யும் விசுவாசிகளை மனதில் கொண்டு, இம்மாதம் ஒரு சிறிய காரியத்தைக் குறித்து எழுதுகிறேன். அது நம் சட்டைப்பையில் இருக்கும் விசிட்டிங் கார்டு.

சென்ற ஆண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்தபின், ஏ.சி., பிரிட்ஜ் பழுதுபார்க்கும் வாலிபச் சகோதரன் ஒருவன் அச்சகத்தில் வாங்கிய பெட்டியை என் கையில் கொடுத்தான். அதில் 1000 கார்டுகள் இருந்தன. "ஐயா, விநியோகிக்குமுன் ஜெபித்துக் கொடுங்கள்" என்றான். ஒன்றை எடுத்து வாசித்தேன். மேலே ஒரு வேதவசனம். அதன்கீழ் பன்னிரண்டு வகை வேலைகள். அடியில், "24 மணி நேரச் சேவை, மும்பை முழுவதும்" என்று இருந்தது.

"தம்பி, இரவு 2 மணிக்கு விராரிலிருந்து ஒருவர் அழைத்தால் போவாயா?" என்று கேட்டேன்.

"இல்லை ஐயா. ஆனால் எல்லாரும் இப்படித்தானே அச்சிடுகிறார்கள்?" என்றான்.

அவனுக்காக ஜெபித்தேன். கார்டுகளுக்காக ஜெபிக்க என் மனம் இடங்கொடுக்கவில்லை. அவனைக் கடிந்துகொள்ளவும் எனக்குத் துணிவில்லை. ஏனெனில் ஊழியத்தின் ஆரம்ப நாட்களில் நான் அச்சிட்ட கார்டில், என் பெயருக்குக் கீழே "ஸ்தாபகர், தலைவர்" என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தேன். அன்று எங்கள் வாடகை அறையில் கூடிவந்தவர்கள், என் குடும்பத்தாரையும் சேர்த்துப் பதினேழு பேர்!

பிரியமானவர்களே, கார்டு என்பது விளம்பரம் மட்டுமல்ல, முன்பின் அறியாத ஒருவருக்கு நாம் எழுதிக் கொடுக்கும் வாக்கு. அதை அவர் வைத்துக்கொள்ள வேண்டுமானால், அவருக்கு அதனால் ஒரு பயன் இருக்க வேண்டும். இதை எனக்குக் கற்றுக்கொடுத்தவர் தாராவியில் தையல் தொழில் செய்யும் ஒரு சகோதரி. அவர் தம் கார்டின் பின்புறத்தை வெறுமையாக விட்டு, அதில் வாடிக்கையாளரின் அளவுகளைத் தம் கையால் எழுதிக் கொடுக்கிறார். அடுத்த முறை அவர்கள் துணியையும் கார்டையும் அனுப்பினால் போதும், நேரில் வரவேண்டியதில்லை. "அளவு கையில் இருந்தால் வேறு கடைக்குப் போய்விடுவார்களே அம்மா" என்றேன். "போகட்டும் ஐயா, தையல் பிடித்திருந்தால் திரும்பி வருவார்கள்" என்றார்.

ஒவ்வொரு தொழிலுக்கும் இப்படி ஒரு வழி உண்டு. இட்லி, தோசை விற்பவர் கார்டின் பின்புறத்தில் பத்துக் கட்டங்கள் அச்சிட்டு, ஒவ்வொரு முறையும் ஒன்றில் கையெழுத்திட்டு, பதினோராவது முறை இலவசமாகக் கொடுக்கலாம். பழைய வாடிக்கையாளரிடம் இரண்டு கார்டுகள் கொடுத்து, அவர் பெயரை எழுதி அனுப்பும் புதியவருக்கும் அவருக்கும் விலையில் சிறிது குறைக்கலாம். நம் மொழி அறியாதவர்களிடம்தான் நாம் பெரும்பாலும் வேலை செய்கிறோம். ஆகவே ஒரு பக்கத்தை மும்பையில் மராத்தியிலோ இந்தியிலோ, பெங்களூரில் கன்னடத்திலோ அச்சிடுங்கள். அம்மொழியைத் தாய்மொழியாக உடையவர் ஒருவரிடம் காட்டிப் பிழைதிருத்திய பின்பே அச்சுக்குக் கொடுங்கள். 2016-இல் யு.பி.ஐ. வந்தபின் கியூ.ஆர். கோடு எல்லாருக்கும் பழகிவிட்டது. வாட்ஸ்அப் எண்ணுக்கான கோடு ஒன்றைக் கார்டில் சேர்ப்பது நல்லது. ஆனால் முதலில் 100 மட்டும் அச்சிட்டு, கோடு சரியாகத் திறக்கிறதா என்று பாருங்கள்.

ஓர் எச்சரிப்பும் அவசியம். சபை ஐக்கியத்தைச் சந்தையாக்காதிருங்கள். பாரத்தோடும் கண்ணீரோடும் முதல்முறை ஆராதனைக்கு வந்த ஒருவருக்கு நம் கையிலிருந்து முதலாவது கிடைப்பது காப்பீட்டு முகவரின் கார்டாக இருக்குமானால், அவர் நம்மைக் குறித்து என்ன நினைப்பார்? அவர் கேட்டால் கொடுங்கள், கேட்குமுன் நீட்டாதிருங்கள்.

வேதத்தில் லீதியாளைக் கவனியுங்கள் (அப். 16:14). அவள் பெயர், இரத்தாம்பரம் விற்கும் அவள் தொழில், தியத்தீரா என்னும் அவள் ஊர் ஆகிய மூன்றையும் ஒரே வசனத்தில் அறிகிறோம். ஒரு கார்டில் இருக்கவேண்டியவை யாவும் அதில் இருக்கின்றன. நான்காவதாக, அவள் தேவனை வணங்குகிறவள் என்றும் வேதம் சொல்லுகிறது. அவளும் தன் ஊரைவிட்டு வந்து பிலிப்பி பட்டணத்தில் இருந்தவள்தான். அந்த நான்காவது காரியத்தை அவள் தன்னைக் குறித்துத் தானே சொல்லிக்கொள்ளவில்லை, அவளைக் குறித்து எழுதப்பட்டது. நம் கார்டில் வசனம் அச்சிடுவது தவறல்ல. ஆனால் வருவதாகச் சொன்ன நாளில் நாம் போகாவிட்டால், வாடிக்கையாளர் குறை சொல்வது நம்மை மாத்திரமல்ல, அந்த வசனத்தையும் சேர்த்துத்தான்.

அந்த வாலிபச் சகோதரன் சில வாரங்களுக்குப்பின் புதிய கார்டோடு வந்தான். தனக்கு நன்றாகத் தெரிந்த மூன்று வேலைகள், போகக்கூடிய நான்கு பகுதிகள், வேலை நேரம் ஆகியவை மட்டுமே அதில் இருந்தன. பின்புறத்தில் பழுதுபார்த்த தேதி, மாற்றிய உதிரிபாகம், வாங்கிய தொகை ஆகியவற்றை எழுத இடம் விட்டிருந்தான். பிரிட்ஜின் பக்கத்தில் அதை ஒட்டிவிட்டு வருகிறான். "ஞாயிறு மாலை 4 மணிக்கு மேல்" என்றும் அச்சிட்டிருந்தான்.

"ஞாயிறு காலையில் அழைத்த ஒரு அம்மா, கார்டைப் பார்த்துவிட்டு, 'சரி, நாலு மணிக்கே வா' என்று சொல்லிவிட்டார்கள் ஐயா" என்றான்.

இம்முறை பெட்டியின்மேல் கைவைத்து மனநிறைவோடு ஜெபித்தேன். உங்கள் கார்டையும் இன்று ஒருமுறை எடுத்து வாசித்துப் பாருங்கள். அதிலுள்ள ஒவ்வொரு வரியையும் காத்து நடக்கக் கர்த்தர் உங்களுக்குக் கிருபை தந்து, உங்கள் கைகளின் பிரயாசத்தை ஆசீர்வதிப்பாராக. ஆமென்.