எலெக்ட்ரிக் டர்போ வாங்கலாமா?

பழைய 386, 486 கம்ப்யூட்டர்களின் கேபினெட்டில் 'டர்போ' என்று ஒரு பட்டன் இருக்கும். அது வேகத்தைக் கூட்டியதே இல்லை. பழைய புரோகிராம்கள் ஒழுங்காக ஓடுவதற்காக வேகத்தைக் குறைக்கத்தான் உதவியது. ஆனாலும் அந்தப் பெயருக்கு ஒரு கவர்ச்சி! இப்போது இணையக் கடைகளில் 'எலெக்ட்ரிக் டர்போ' என்று 12 வோல்ட் ஃபேன் ஒன்றை விற்கிறார்கள். காரின் காற்றுக் குழாயில் பொருத்தினால் மைலேஜ் கூடுமாம், புகை குறையுமாம். வாங்கலாமா என்று நண்பர்கள் இருவர் என்னிடம் கேட்டுவிட்டார்கள். வேண்டாம் என்பதே என் பதில்.

உண்மையான டர்போவில், என்ஜினிலிருந்து வெளியேறும் புகை ஒரு சக்கரத்தைச் சுழற்றுகிறது. அதே தண்டில் உள்ள இன்னொரு சக்கரம் காற்றை அழுத்தி சிலிண்டருக்குள் தள்ளுகிறது. ஸ்விட்சர்லாந்து பொறியாளர் ஆல்ஃபிரட் பூகி 1905-இல் காப்புரிமை பெற்ற யோசனை இது. இதனால் சிறிய என்ஜினே பெரிய என்ஜினின் வேலையைச் செய்கிறது, பெட்ரோலும் மிச்சமாகிறது. (எந்நேரமும் ஆக்ஸிலேட்டரை அழுத்தி மிதிப்பவர்களுக்கு இந்த மிச்சம் கிடைக்காது.) ஒரே தொல்லை, குறைந்த வேகத்தில் போதுமான புகை வராது. மிதித்துவிட்டுச் சற்றுக் காத்திருக்க வேண்டும்.

இந்தக் குறையைப் போக்கத்தான் மின்மோட்டார். 2016-இல் வந்த ஆடி எஸ்கியூ7 காரில், மோட்டாரால் சுழலும் காற்றழுத்தி கால் விநாடிக்குள் நிமிடத்துக்கு 70,000 சுற்று என்ற வேகத்தை எட்டிவிடும். அதற்கு 7 கிலோவாட் வேண்டும். 12 வோல்ட்டில் கணக்கிட்டால் 580 ஆம்பியருக்கு மேல் வருகிறது! அதனால்தான் தனியாக 48 வோல்ட் அமைப்பை வைத்தார்கள்.

நம் கேபினெட் ஃபேன் எடுப்பது இரண்டு, மூன்று வாட். கடைக்காரர் விற்பது அதைப்போல் இருபது மடங்கு என்றே வைத்துக்கொள்வோம். 1.2 லிட்டர் என்ஜின் 3,000 சுற்றில் முழுதாக மூச்சு இழுத்தால் நிமிடத்துக்குச் சுமார் 1,800 லிட்டர் காற்று போகும். அந்த வழியில் இந்த ஃபேன் குறுக்கே நிற்கும், அவ்வளவுதான். சந்தேகம் இருந்தால் எத்தனை வாட் என்று விற்பவரிடமே கேளுங்கள்.

எனக்கு இருக்கும் வருத்தம் வேறு. 2022-இல் மெர்சிடிஸ்-ஏஎம்ஜி சி43 காரில் டர்போவின் தண்டிலேயே மோட்டாரைப் பொருத்தினார்கள். அதுவும் 400 குதிரைத்திறன் கார்தான். லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் என்று பார்த்து வாங்கும் சிறிய கார்களுக்கு அல்லவா இது முதலில் வந்திருக்க வேண்டும்?