எட்டு மணித்தியாலக் கணக்கு

போன மாதம் எங்கட வான் 160,000 கிலோமீற்றரைத் தொட்டது. டைமிங் பெல்ட் மாற்ற வேண்டிய வயது. பிள்ளைகளை நீச்சலுக்கும் தமிழ் வகுப்புக்கும் ஏற்றி இறக்குகிற வான் அது. 401 நெடுஞ்சாலையில் ஓடும்போது அந்த பெல்ட் அறுந்தால் இஞ்சினே சேதமாகிவிடும் என்பதால் தள்ளிப்போடவில்லை.

எங்கே கொடுப்பது என்ற கேள்வி எங்கள் வீட்டில் எழுவதே இல்லை. ஸ்காபுறோவில் அப்பாவுக்குத் தெரிந்த ஒரு மாமா கராஜ் வைத்திருக்கிறார். கனடாவுக்கு வந்த புதிதில் அப்பாவும் அவரும் ஒரே பேஸ்மென்டில் இருந்தவர்கள். என் கலியாணத்துக்குக் கார் சோடித்துக் கொண்டுவந்தவரும் அவர்தான். அப்பா போன் எடுத்துச் சொன்னார். எவ்வளவு வரும் என்று நான் கேட்டதற்கு, "அவன் பாத்துப் போடுவான்" என்பதுதான் பதில்.

காலை 10 மணிக்கு வானை விட்டேன். பின்னேரம் மூன்றரைக்கு எடுத்தேன். மாமா தேத்தண்ணி தந்தார், பிள்ளைகளின் படிப்பை விசாரித்தார். நான் கார்ட்டைத் தட்டிவிட்டு பில்லை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு வந்துவிட்டேன். 1,762 டொலர் 80 சதம். தெரிந்தவர் முன்னால் பில்லை விரித்து வாசிப்பது ஒரு மாதிரி இருக்கும், இல்லையா?

வாசித்தது என் மகள். அவளுக்குப் பதினாலு வயது. குசினி மேசையில் கிடந்த பில்லை எடுத்துப் பார்த்துவிட்டு, "அம்மா, வான் அங்க அஞ்சரை மணித்தியாலம்தானே நிண்டது? இதில எட்டு மணித்தியாலம் வேலை எண்டு போட்டிருக்கு" என்றாள்.

பார்த்தேன். டைமிங் பெல்ட், நாலரை மணித்தியாலம். வோட்டர் பம்ப், மூன்றரை மணித்தியாலம். மணித்தியாலத்துக்கு 130 டொலர். கூலி மட்டும் 1,040. பொருட்கள் 520. அதற்கு மேல் 13 வீதம் வரி.

அப்பாவிடம் காட்டினேன். அவர் கண்ணாடியைப் போட்டுப் பார்க்கக்கூட இல்லை. "தெரிஞ்ச ஆக்களிட்டப் போய்க் கணக்குப் பாக்கிறதே? விடு பிள்ளை. முந்நூறு நானூறுக்காக ஒரு மனுசனை இழக்கேலாது."

எங்களில் பலருக்கு இந்த வசனம் பழகினது. எங்களுக்கு முந்திய தலைமுறை தெரிந்த ஆட்களை நம்பித்தான் இங்கே காலூன்றியது. வீடு, வேலை, சீட்டு, கலியாணம் எல்லாம் அப்படித்தான். அப்பா சொல்வதில் ஞாயம் இருக்கிறது. ஆனால் அன்றிரவு எனக்கு நித்திரை வரவில்லை. காசு மட்டும் காரணமில்லை. ஒரு பழைய விசயம் நினைவுக்கு வந்தது.

1993. எனக்கு ஒன்பது வயது. அப்பாவின் பழைய காரைத் திருத்தக் கொடுத்திருந்தோம். அது தமிழ்க் கராஜ் இல்லை. அப்பாவுக்கு ஆங்கிலம் மட்டுமட்டு, அதனால் பாசை பெயர்க்க நான் போவேன். பில்லைப் பார்த்த அப்பாவின் முகம் மாறியது. "ஏன் இவ்வளவு எண்டு கேள் பிள்ளை" என்றார். கவுண்டருக்குப் பின்னால் நின்ற மனிதர் என்னைக் குனிந்து பார்த்தார். எனக்கு வெட்கம். நான் "தேங்க் யூ" என்று மட்டும் சொன்னேன். அப்பாவிடம் திரும்பி, "அவ்வளவுதானாம்" என்றேன். இரவு வேலை செய்து சேர்த்த காசை அப்பா எண்ணிக் கொடுத்தார்.

முப்பது வருசத்துக்கு மேல் போய்விட்டது. இப்போது எனக்கு ஆங்கிலம் இருக்கிறது, வேலை இருக்கிறது. இருந்தும் அதே மாதிரி ஒரு பில்லைக் கேள்வி கேட்காமல் மடித்து வைத்திருக்கிறேன். பார்த்துக்கொண்டிருப்பது என் மகள்.

அடுத்த நாள் கொஞ்சம் விசாரித்தேன். முதலில் விளங்கியது, நான் கேட்க நினைத்த கேள்வியே பிழை என்பது. "அஞ்சரை மணித்தியாலம் நின்ற வானுக்கு எட்டு மணித்தியாலமா?" என்று போய்ச் சண்டை பிடித்திருந்தால் நான்தான் வெட்கப்பட்டிருப்பேன்.

பல கராஜ்கள் மணிக்கூட்டைப் பார்த்துக் கூலி போடுவதில்லை. எந்த வாகனத்தில் எந்த வேலைக்கு எவ்வளவு நேரம் என்று சொல்லும் கையேடுகள் இருக்கின்றன. முன்பு தடித்த புத்தகம், இப்போது கொம்பியூட்டரில். அதில் நாலரை மணித்தியாலம் என்று இருந்தால், மெக்கானிக் மூன்றில் முடித்தாலும் நாலரைதான், ஆறு மணித்தியாலம் இழுத்தாலும் நாலரைதான். கெட்டிக்காரனுக்கு அது லாபம். தடுமாறுபவனின் நேரத்துக்கு நாங்கள் காசு கட்டத் தேவையில்லை. இந்த முறையில் பிழை இல்லை.

பிழை வரக்கூடிய இடம் வேறு. எங்கள் வானில் வோட்டர் பம்பைச் சுற்றுவதே டைமிங் பெல்ட்தான். பம்ப் அந்த பெல்ட்டுக்குப் பின்னால் இருக்கிறது. பெல்ட்டை மாற்ற வலது முன் சில்லைக் கழற்ற வேண்டும், இஞ்சினைத் தாங்கும் மவுன்டைக் கழற்ற வேண்டும், கிராங்க் புலி, மூடிகள் எல்லாம் கழற்ற வேண்டும். அதெல்லாம் கழற்றியாயிற்று என்றால் பம்ப் கண் முன்னாலேயே இருக்கும். சில போல்ட்டுகளைக் கழற்றிப் புதியதைப் பூட்டி, கூலன்ட் நிரப்பினால் சரி. இரண்டையும் ஒன்றாகச் செய்யச் சொல்வதன் காரணமே இந்தக் கூலி மிச்சம்தான். பம்புக்கு மூன்றரை மணித்தியாலம் என்பது அதைத் தனியாக மாற்றும்போது. சேர்த்துச் செய்யும்போது ஒரே கழற்றலுக்கு இரண்டு தரம் காசு வாங்கக்கூடாது.

நான் நினைப்பது சரியா என்று பார்க்க வேறு இரண்டு கராஜ்களுக்குப் போன் எடுத்தேன். வாகனத்தின் ஆண்டு, மொடல் சொல்லி, "பெல்ட்டும் பம்பும் சேர்த்து எத்தனை மணித்தியாலம்?" என்று மட்டும் கேட்டேன். ஒருவர் ஐந்து என்றார், மற்றவர் ஐந்தரை என்றார். விலையைக் கேட்டிருந்தால் ஒவ்வொருவரும் ஒவ்வொன்று சொல்லியிருப்பார்கள். மணித்தியாலத்தைக் கேட்டால் ஒப்பிடலாம்.

சனிக்கிழமை கடை பூட்டுகிற நேரம் பார்த்துப் போனேன். வேறு ஆட்கள் இருக்கும்போது கேட்க விரும்பவில்லை. மகளும் வந்தாள். அப்பா வரவில்லை.

"வா பிள்ளை, வானுக்கு ஏதும் பிரச்சினையோ?"

"இல்லை மாமா, வான் நல்லா ஓடுது. பில்லில ஒண்டு விளங்கேல்லை. ஒருக்காச் சொல்லித் தாறீங்களா?"

பில்லை மேசையில் விரித்தேன். "பெல்ட்டுக்கு நாலரை போட்டிருக்கு, பம்புக்கு மூண்டரை. பம்பை எடுக்கக் கழட்ட வேண்டியதெல்லாம் பெல்ட்டுக்காக ஏற்கெனவே கழட்டினதுதானே மாமா? அப்ப பம்புக்கு எண்டு தனியா எவ்வளவு நேரம் வரும்?"

இதை ஆங்கிலத்தில் கேட்க எனக்கு ஒரு நிமிசம் போதும். தமிழில் கேட்க, முதல் நாளிரவு கண்ணாடி முன்னால் நின்று நாலு தரம் சொல்லிப் பார்த்தேன்.

மாமா பில்லைக் கையில் எடுத்தார். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு கொம்பியூட்டருக்கு முன்னால் இருந்து எதையோ தட்டினார்.

"ரெண்டையும் தனித்தனியா அடிச்சிருக்கு. சேர்த்து அடிச்சா பம்புக்கு பொயின்ட் ஆறுதான் வரும்."

பொயின்ட் ஆறு என்றால் 36 நிமிடம்.

"ஆனா ஒண்டு சொல்லோணும் பிள்ளை. கிராங்க் புலியின்ர போல்ட் இறுகிப்போய்க் கிடந்தது. அதோட மட்டும் ஒரு மணித்தியாலம் மல்லுக்கட்டினனான். அது புத்தகத்தில வராது." சுவரில் மாட்டியிருந்த நீளமான இரும்புக் கம்பியை எடுத்து மகளின் கையில் கொடுத்தார். அவளால் ஒரு கையால் தூக்க முடியவில்லை. அந்த போல்ட் இறுகுவது உண்மை என்று நானும் விசாரித்தபோது அறிந்திருந்தேன்.

"அப்ப அதுக்கு அரை மணித்தியாலம் போடலாமா?" என்று மகள் கேட்டாள். மாமா சிரித்துவிட்டார்.

நாலரை, அதோடு பொயின்ட் ஆறு, அதோடு அரை. மொத்தம் 5.6 மணித்தியாலம், 728 டொலர். கூலியில் 312 குறைந்தது. வரியோடு 352 டொலர் 56 சதம் என் கார்ட்டுக்குத் திரும்பி வந்தது.

அது கைத்தவறா, பழக்கமா என்று எனக்குத் தெரியாது. நான் கேட்கவும் இல்லை. மணித்தியாலத்தைப் பற்றிக் கேட்டேன், அவரும் மணித்தியாலத்தைப் பற்றியே பதில் சொன்னார். "நீங்கள் கூடப் போட்டிட்டீங்கள்" என்று தொடங்கியிருந்தால் அவர் தன் மானத்தைக் காப்பாற்றத்தான் பார்த்திருப்பார். போகும்போது, "இதை அண்டைக்கே கேட்டிருக்கலாமே பிள்ளை" என்றார். அவர் சொன்னது சரி. அன்றைக்கே, இன்னும் சொன்னால் வேலை தொடங்க முதலே, கேட்டிருக்க வேண்டும்.

ஒன்ராறியோவில் இதற்குச் சட்டமே இருக்கிறது. 2002ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, வாகனம் திருத்த முன் எழுத்தில் மதிப்பீடு தர வேண்டும். எனக்கு மதிப்பீடு வேண்டாம், இந்தத் தொகைக்கு மேல் போகாதே என்று நீங்களே உச்சவரம்பு சொன்னால் மட்டும் விலக்கு. மதிப்பீட்டை விட 10 வீதத்துக்கு மேல் கூட்டி வாங்கக்கூடாது. கூலியை எந்த முறையில் கணக்கிடுகிறார்கள் என்பதைக் கடையில் எழுதி வைக்க வேண்டும். கழற்றிய பழைய பொருட்களைத் திருப்பித் தர முன்வர வேண்டும். புதிய பாகங்களுக்கும் அதற்கான கூலிக்கும் 90 நாள் அல்லது 5,000 கிலோமீற்றர், எது முதலில் வருகிறதோ அதுவரை உத்தரவாதம் உண்டு. "அவன் பாத்துப் போடுவான்" என்று விட்டதில் இவ்வளவையும் நாங்களே கைவிட்டிருந்தோம்.

இன்னொன்று. கோபத்தில் காசு கட்டாமல் வாகனத்தை எடுத்துக்கொண்டு வரப் பார்க்காதீர்கள். திருத்திய கூலிக்காக வாகனத்தைத் தடுத்து வைக்க கராஜுக்கு உரிமை உண்டு. கட்டிவிட்டு, கூலியில் எனக்கு உடன்பாடில்லை என்று பில்லிலேயே எழுதி ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். பிறகு எழுத்தில் கேளுங்கள். அதற்கும் சரிவராவிட்டால் மாகாண நுகர்வோர் பாதுகாப்புப் பிரிவு இருக்கிறது, சிறுகோரிக்கை நீதிமன்றம் இருக்கிறது.

நீங்கள் லண்டனிலோ சிட்னியிலோ ஒஸ்லோவிலோ இருந்தால் சட்டம் வேறு. கேள்விகள் ஒன்றுதான். மணித்தியாலத்துக்கு எவ்வளவு? இந்த வேலைக்கு எத்தனை மணித்தியாலம்? இரண்டு வேலையும் சேர்த்துச் செய்தால் எவ்வளவு குறையும்? கூட வந்தால் செய்ய முதல் எனக்குப் போன் எடுப்பீங்களா? இவற்றை மகள் என் போனில் எழுதிவைத்திருக்கிறாள், தமிழிலும்.

வீட்டுக்கு வந்து அப்பாவிடம் நடந்ததைச் சொன்னேன். "கோவிச்சவனோ?" என்றுதான் முதலில் கேட்டார். இல்லை, அடுத்த ஒயில் மாற்றத்துக்கும் நாள் குறித்துவிட்டு வந்தேன் என்றேன். தலையாட்டினார்.

அப்போதுதான் 1993ஐயும் சொன்னேன். நான் அன்றைக்குக் கேட்கவே இல்லை அப்பா, வெட்கத்தில் வேறு எதையோ சொல்லிவிட்டேன் என்று.

அப்பா சிரித்தார். "எனக்குத் தெரியும் பிள்ளை. 'தேங்க் யூ' எண்டா என்னெண்டு அப்பவே எனக்குத் தெரியும்."

பிறகு கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, "எங்க, அந்த பில்லை ஒருக்காக் கொண்டுவா பாப்பம்" என்றார்.